கல்விளக்கில் ஒரு கட்டிக் கற்பூரம்

இந்த ஊரில் இலையுதிர் காலம் வந்தால் வானொலியில் மரங்களின் நிறத்தை அறிவிக்கிறார்கள். வெப்பநிலை, பாலத்தில் வாகன நெரிசல், அதற்குப் பிறகு எந்த மலையில் இலை எவ்வளவு சிவந்திருக்கிறது என்று ஒரு குரல் சொல்கிறது. இதை முதன்முதலில் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன தொழிற்சாலை நண்பர் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் காலையில் வானொலியைத் திருப்பினால் எத்தனை மணிவரை ஊரடங்கு, எந்தப் பாதை பூட்டு என்று கேட்கலாம். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இலை சிவப்பதை ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசிப்பது நம்பக்கூடிய காரியமாக இல்லை. வானொலி பேசத் தொடங்கினால் செய்கிற வேலையை விட்டுவிட்டுக் காது கொடுப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது மூன்று வருடத்துக்கு முந்திய ஓர் ஒக்டோபர் சனிக்கிழமையைப் பற்றி. அடுத்த திங்கட்கிழமை எனக்கும் மனைவி ராஜிக்கும் அகதி விசாரணை. வழக்கறிஞர் இரண்டு விஷயங்களை அடித்துச் சொல்லியிருந்தார். முதலாவது, ராஜி வாய் திறக்க வேண்டும். அவளுடைய தம்பி சுதன் காணாமல் போனதுதான் எங்கள் வழக்கின் உயிர். அதைப் பற்றிக் கேட்டால் அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறாள். இரண்டாவது, விசாரணை முடியும்வரை எந்தச் சிக்கலிலும் மாட்டக்கூடாது, மெத்ரோ ரயிலில் ரிக்கெற் இல்லாமல்கூட ஏறக்கூடாது. நான் திகதிகளை எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். சுதன் கொழும்பு லொட்ஜில் எங்களோடு தங்கியிருந்தான். நான் பயண ஏஜென்றைப் பார்க்கப் போயிருந்த ஒரு பின்னேரம், ரெலிபோன் எடுக்கவென்று இறங்கிப் போனான். சந்தியில் இராணுவச் சுற்றிவளைப்பு. திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் ராஜி எனக்குச் சொன்னது. நாங்கள் விசாரணைக்கு எழுதிக் கொடுத்ததும் இவ்வளவுதான்.

ஒரு கிழமையாக அவள் நித்திரை கொள்ளவில்லை. மொன்ட்ரியால் நகரின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். கொஞ்சம் காற்று வாங்கினால் நல்லது என்று பஸ் ஏறி, நகரத்துப் பெரிய தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அதன் ஒரு பக்கத்தில் ஜப்பானியத் தோட்டம். குளம், வாத்து, சிவந்து எரிகிற மேப்பிள் மரங்கள், எல்லோர் கையிலும் கமரா. நடுவில் ஒரு தாழ்ந்த வீடு. அதில் ஜப்பானியத் தேத்தண்ணிச் சடங்கு காட்டினார்கள். பாய் விரித்த அறைக்குள் போகுமுன் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் ராஜியின் முகம் மாறியது. கனடாவுக்கு வந்த இவ்வளவு காலத்தில் ஒருவர் அவளைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னது அதுதான் முதல் தடவை. கிமோனோ உடுத்த பெண் பச்சைத் தேத்தண்ணிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து கொடுத்தபோது, இவள் தீர்த்தம் வாங்குவதுபோல வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

சுவர் முழுக்க ஜப்பானின் பழைய கோயில்களின் படங்கள். மரக் கோபுரங்கள், மணற்கோலங்கள், சிவந்த இலைகளுக்கு நடுவே பாதை நெடுகக் கல்விளக்குகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சுடர். எனக்கு எல்லாப் படமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ராஜி ஒரு படத்தின் முன்னால் கால் மணித்தியாலம் நின்றாள். இது கோயில் இல்லை, சும்மா காட்சிக்குக் கட்டிய இடம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சப்பாத்தைக் கழட்டச் சொல்லுற இடம் கோயில்தான்" என்றாள்.

நான் மலசலகூடத்துக்குப் போய் வருவதற்குள் காரியம் நடந்துவிட்டது. குளத்தடியில் இருந்த கல்விளக்கின் முன், ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்றாள். விளக்கின் வயிற்றுக்குள் ஒரு கட்டிக் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. சுற்றிவரக் காய்ந்த இலைகள். சீருடை போட்ட காவலாளி ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். கையிலிருந்த கோப்பியை அப்படியே விளக்குக்குள் ஊற்றினார். ராஜி வயிற்றில் அடி வாங்கியவள்போல ஒரு சத்தம் போட்டாள். காவலாளி பிரெஞ்சில் என்னென்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, மன்னிக்கச் சொல்லும் "பர்தோன்" ஒன்றுதான். அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் அடையாளக் கடதாசிக்குக் கையை நீட்டினார். அகதி விண்ணப்பக் கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். பெயர், விலாசம் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "உனக்கென்ன விசரோ? ரெண்டு நாள் பொறுக்கேலாதோ?" ஞாயிறு முழுக்க மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் பொலிஸ் என்று எழும்பினேன். வழக்கறிஞருக்குச் சொல்வதா, விடுவதா என்று யோசித்து, விடுவதென்று முடிவெடுத்தேன். ராஜியிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவைத்தேன்.

திங்கட்கிழமை, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. விசாரித்த பெண்மணி கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர். மொழிபெயர்ப்பாளர் சென்னைக்காரர், இங்கே நெடுங்காலம் இருப்பவர். என்னுடைய திகதிகள் எல்லாம் பிசகாமல் வந்தன. பிறகு ராஜியின் முறை. இராணுவமோ பொலிஸோ வேறு அதிகாரிகளோ எப்போதாவது உங்களைப் பிடித்து விசாரித்தது உண்டா என்று கேட்டார்கள். ராஜி விரல் விட்டு எண்ணினாள். ஊரில் இராணுவச் சென்ரியில் ஒருமுறை, வவுனியாவில் ஒருமுறை, கொழும்பு லொட்ஜில் இரண்டு முறை, முந்தநாள் சனிக்கிழமை ஜப்பான்காரரின் கோயிலில் ஒருமுறை.

மொழிபெயர்ப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, இதையும் சொல்லணுமா?"

"கேட்டதுக்குத்தானே சொல்லுறன்."

அவர் மொழிபெயர்த்துச் சொன்னார். பெண்மணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கே ஏன் நெருப்பு வைத்தீர்கள் என்று கேட்டார். ராஜி முதல் தடவையாக மேசையை விட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அவன் ரெலிபோன் எடுக்கப் போகேல்லை. பயணத்துக்கு முதல் பிள்ளையாருக்குக் கொளுத்த நான்தான் கற்பூரம் வாங்க அனுப்பினனான். பேந்து நானே ஒரு பெட்டி வாங்கிக் கைப்பைக்குள்ள வைச்சிருந்தன். அவன் வந்தாப்பிறகு கொளுத்துவம் எண்டு."

பெண்மணி, நாங்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். அந்த விரலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் ரெலிபோன், வாயில் கற்பூரம். எத்தனையோ வழக்குகள் இப்படித்தான் விழுந்திருக்கின்றன என்று எங்கள் ஆட்கள் கதைப்பார்கள். ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார். என்னைக் காட்டி, இவருக்கே நான் சொல்லவில்லை என்றாள் ராஜி. அப்படியென்றால் தம்பி வராமல் சனிக்கிழமை ஏன் கொளுத்தினீர்கள் என்பது அடுத்த கேள்வி.

"இஞ்ச இருக்க விடுங்கோ எண்டு கேக்கத்தானே வந்திருக்கிறம். விட்டால் நாங்கள் அந்த லொட்ஜுக்குத் திரும்பிப் போகமாட்டம். அவன் அங்க வந்தால் ஆரைத் தேடுறது? அதை அவனுக்குச் சொல்லத்தான் கொளுத்தினன்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். பெண்மணி வாக்குமூலத்தை மூடி, விசாரணை முடிந்தது என்றார்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வெட்கம்தான் வந்தது. இரண்டு வருடமாக அவளிடம் சுதனைப் பற்றி நான் கேட்டதெல்லாம் வழக்குக்கு வேண்டிய திகதிகள்தான். அந்தப் பின்னேரம் எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் பனி கொட்டிய கிழமை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. நான் நாலு பேருக்கு ரெலிபோன் எடுத்தேன். ராஜி கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தாள். காவலாளியின் கொப்பியால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் வானொலியில் இலை சிவந்துவிட்டது என்று சொன்னால், அந்தச் சனிக்கிழமை நாங்கள் தோட்டத்துக்குப் போகிறோம். இப்போது கல்விளக்கின் பக்கத்தில், நெருப்பைக் குறுக்காக வெட்டிய படத்தோடு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அது எங்களுக்காகவே வைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ராஜி கற்பூரம் கொண்டுவருவதில்லை. ஒரு சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, ஒரு கால் குளிர்ந்த கல்லிலும் மற்றக் கால் சப்பாத்துக்குள்ளுமாக நின்று கும்பிடுகிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டியபடி, பாதையில் சுதன் வயதில் வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். காவலாளி வருகிறாரா என்று பார்ப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.