கூடத்தைச் சுற்றி நாலு சுற்றுக் கம்பி

என் மனைவிக்குக் காது மந்தமாகி ஆறு வருடம் ஆகிறது. அவளுக்குக் கேட்க வேண்டுமே என்றுதான் நான் கத்துவேன். அது மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, நீங்க கத்துற கத்துல அம்மாவுக்கு பிரஷர் ஏறுது. ஞாயித்துக்கிழமை வாரேன். அம்மாவக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். நீங்க ஓட்டல்ல சாப்டுக்கங்க" என்று போனில் சொல்லிவிட்டாள்.

அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு நடக்கிற தூரத்தில் ஐந்து ஓட்டல். ஐந்திலும் சாப்பிட்டு, ஐந்து முறையும் வயிற்றுவலி கண்டவன் நான். வயது எழுபத்தெட்டு. அவளைப் போகவிடக் கூடாது, அதற்கு நான் கத்தாமல் அவளுக்குக் கேட்க வேண்டும்.

அவளுடைய காது மிஷினில் எம், டி என்று இரண்டு நிலை உண்டு. எம் பக்கம் தள்ளினால் ஷேர் ஆட்டோ, மிக்சி, தலைக்கு மேல் போகிற விமானம் எல்லாம் ஒன்றாக வந்து விழும். டி பக்கம் தள்ளினால் வெளிச்சத்தம் அறவே அடைபட்டு, மிஷினுக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் மட்டும் வேலை செய்யும். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் நான் காட்டிய சோதனைதான். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து ஒன்றில் மின்னோட்டத்தை மாற்றினால், தொடாமலே மற்றதில் மின்சாரம் பிறக்கும். பரிமாற்று மின்தூண்டல். கூடத்தையே முதல் சுருளாக்கிவிட்டால் அவள் காதில் இருப்பது இரண்டாவது சுருள்.

மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன்.

"எதுக்குண்ணே கம்பி, மோட்டாருக்கா மிக்சிக்கா?"

"பொண்டாட்டிக்கு."

"அப்பத் தடிச்ச கம்பியாப் போடுங்கண்ணே. சூடு தாங்கணும்ல."

சுவர் ஓரமாகத் தரையை ஒட்டி நாலு சுற்று, நூற்று எழுபத்தாறு அடி. கம்பியின் இரு முனைகளும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு. என் சட்டையில் ஒரு குட்டி மைக். நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவளின் மிஷினை டி பக்கம் தள்ளிவிட்டு, மெதுவாக, "காபி கொண்டா" என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் தன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "காதுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. கல்யாணமான புதுசுலகூட நீங்க இம்புட்டு மெதுவாப் பேசுனதில்ல" என்றாள்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஆம்ப்ளிஃபயர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து அணைக்க முதுகு ஒத்துழைக்கவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டேன். மைக்கும் சட்டையிலேயே கிடந்தது, அவள் மிஷினும் டி பக்கமே இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு நானே முணுமுணுத்தேன். "கூட்டுல ரெண்டு தரம் உப்பு. மூளை போயிருச்சு. இது முன்னால போய்ச் சேந்தா நிம்மதியா இருக்கலாம்."

எதிரே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் தெருவுக்கே சொன்னாள்: "நான் போய்ச் சேந்தா ஒங்களுக்கு யாரு பொங்கிப் போடுவா?"

அதற்கு முன் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் கத்தல் மட்டும்தான். கத்தலில் ஒரு வேலை இருக்கும்: தண்ணீர், மாத்திரை, கதவு. முணுமுணுப்பில் அவள் இருந்தாள். மைக்கைக் கழற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும். நாப்பத்தொன்பது வருசம் இதைத்தானே கேக்காம இருந்திருக்கேன்." அன்றிலிருந்து அடுப்பு வேலை போக மற்ற நேரமெல்லாம் கூடத்திலேயே உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் பார்த்தேன். வயதானவனுக்கு வாய் எங்கே மூடுகிறது?

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்ததும் மனைவி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அவளுடைய தங்கையையே கட்டியிருக்கலாம் என்று நான் சொன்னதையும் சேர்த்து.

"இதையெல்லாம் அம்மா காதுக்குள்ளயா பேசுனீங்க?"

"எனக்குள்ளதான் பேசினேன்."

"த்தூ" என்று சொல்லிவிட்டு மகள் அம்மாவின் சேலைகளைப் பையில் அடுக்கினாள். ஒன்பது சேலை. மனைவி கூடத்திலேயே பாயில் படுத்துக்கொண்டாள். நான் மைக்கை உதட்டருகே வைத்து, "போகாதடி. இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றேன். மூன்று முறை சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆம்ப்ளிஃபயர் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

மகள் அம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள். அவள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்: "நான் வரலடி. பையப் பிரிச்சு வை. ஒங்கப்பா ஒரு வசதி பண்ணி வச்சிருக்காரு. சுவிட்ச இப்பிடித் தள்ளிட்டு உக்காந்தா அவரு பேச்சு மட்டும் கேக்குது. படுத்தா அதுவும் இல்ல. ஒன் வீட்டுல ஒன் மாமியா வாயையும் சேத்துக் கேக்கணும்."

மகள் மத்தியானப் பஸ்ஸுக்குத் தனியாகப் போனாள்.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது. தரைச்சுருளின் காந்தப்புலம் மேல்நோக்கி நிற்கும். தலை நிமிர்ந்திருந்தால் காதின் சுருளும் அதே திசையில் நிற்கும். படுத்தால் குறுக்கே விழுந்துவிடும். இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தானால் இணைப்பு பூஜ்யம்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று வேளையும் சோறு வைக்கிறாள். வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள். சுவரில் நிமிர்த்தி இன்னொரு சுருள் அடித்தால் படுத்திருந்தாலும் கேட்கும். ஆணி பதினாறு வேண்டும், ஸ்டூலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வந்து பிடி என்று படுத்திருந்தவளுக்கு மைக்கில் சொல்லிப் பார்த்தேன்.