ஆடாமல் கிடைத்த புள்ளி

காசிமேட்டு மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து நல்ல மீனாக எடுப்போம். எங்கள் திருவொற்றியூர் செஸ் கிளப்பில் ஒருவர் இருந்தார். எதிராளி என்று வந்தால் நாறினதாகப் பார்த்துத்தான் எடுப்பார். பெரிய ரேட்டிங் இருந்தும் ஆட்டம் தளர்ந்துபோன பெரியவர்கள் எந்தப் போட்டிக்கு வருகிறார்கள் என்று விசாரித்து, அங்கே மட்டும் போவார். அவர்களை வென்றால் ரேட்டிங் ஏறும். என் போன்ற சின்ன ரேட்டிங்காரியிடம் தோற்றால் மளமளவென்று இறங்கும். அதனால் கிளப்புக்கு வெளியே எங்களைக் கண்டாலே ஓட்டம்தான்.

அந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை வந்தது. அவர்கள் கேட்ட ரேட்டிங்குக்கு எனக்குக் கொஞ்சம்தான் குறை. ஹார்பரில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு முதுகு போய்விட்டது, வீட்டுக்கு என் சம்பளம்தான் வழி. மனுப்போடும் நாளுக்கு முன் மிச்சமிருந்தது பெரம்பூர் போட்டி ஒன்றுதான். அதன் கடைசி ரவுண்டில் எனக்கு எதிரே அவர் பெயரைப் போட்டு ஒட்டினார்கள். ஜெயித்தால் குறை தீர்ந்தது. கிளப்பில் அவரை எத்தனையோ தடவை மடக்கியிருக்கிறேன்.

மனுஷன் வரவேயில்லை. அவர் பக்கத்துக் கடிகாரம் ஓடி ஓடி, நேரம் தீர்ந்து கொடி விழுந்தது. நடுவர் எனக்கு முழுப் புள்ளி எழுதினார்.

"ரேட்டிங் ஏறுமா சார்?"

"ஆடாத ஆட்டத்துக்கு ஏதும்மா ரேட்டிங்?"

வெளியே வந்தால், எதிர் டீக்கடையில் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார்!

"இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லியா?"

"எனுக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன். உங்கையில தோத்தா என் ரேட்டிங் இன்னாத்துக்கு ஆவுறது? அதான் உனுக்குப் பாயிண்ட்டு வந்துச்சே, அப்பால இன்னா பேஜாரு?"

எண்ணெய் விரலை நக்கிக்கொண்டே சொன்னார். சீ! கழுவுற மீனில் நழுவுற மீன் கேள்விப்பட்டிருக்கிறேன், இது அதைவிடக் கேவலம். வீட்டுக்கு வந்தால், "ஆடாமலே ஜெயிச்சிகினு வந்துக்கீது எம்பொண்ணு" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அவரிடம் எதை விளக்குவது? மனுப்போடும் நாளும் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு கிளப்பில் அவரே பலகையை விரித்தார்.

"வா தங்கச்சி, ஒரு கை பாப்போம். இங்க ரேட்டிங் போவாது."

உட்கார்ந்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்த ஆத்திரத்தில் அவருடைய ராணியைப் பிடுங்கி, ராஜாவை மூலையில் நெருக்கி மடக்கினேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெட்கமே இல்லாமல் அவரும் சேர்ந்து தட்டினார்.

"இன்னா ஆட்டம்மா! நல்ல வேள, அன்னிக்கி நான் வர்ல."