கிள்ளானில் கொடி இறங்கியிருந்த நாள்

கொடி மேலே பறந்தால் ஆபீஸ் திறந்திருக்கும், பாதியில் நின்றால் பூட்டியிருக்கும் என்று எந்தப் புண்ணியவான் எங்கள் தோட்டத்துக் குடியிருப்பு லயத்தில் சொல்லிவைத்தானோ, அவன் தலையில் இடி விழ. இத்தனை வருஷம் கழித்தும் அவனைத் திட்டாமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

மலாயாவில் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் சீவிக்கொண்டிருந்தோம். காசில் தலை போட்டிருந்த வெள்ளைக்கார ராஜா செத்துப்போனார் என்று துரை ஒருநாள் வேலையை நிறுத்தினார். லயத்தில் பாதிப் பேர் கோழி அடித்தார்கள். எங்களுக்கு அந்த லீவு வேறு விதத்தில் உதவியது. மூன்று வயது மகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் நிற்கவே இல்லை. தோட்டத்து மருந்து பலிக்கவில்லை. கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டுக்காரர் மாட்டுவண்டி பிடித்து வந்தார்.

ஊர் தொடங்கும் இடத்தில் போலீஸ் ஸ்டேஷன். அங்கே கொடி பாதிக் கம்பத்தில் தொங்கியது. எதிரே தபால் ஆபீஸிலும் அப்படியே, கதவும் சாத்தியிருந்தது. வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியும் ராஜாவுடையதுதானே, சாவு வீட்டில் அடுப்பே மூட்டமாட்டார்கள், மருந்தா கொடுப்பார்கள் என்றார். சாவு விழுந்த இடத்துக்குச் சீக்குப் பிள்ளையைத் தூக்கிப்போவது ஆகாது என்றும் பயந்தார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை என்றால் உயிரையே விடுவார். ஆனால் சகுனம் என்றால் கை கால் ஓடாது.

ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டாவது திரும்பலாம் என்று நான் கத்தினேன். வண்டிக்காரரும் அவர் பக்கமே பேசினார். "கொடி ஏறட்டும், உடனே வந்துரலாம்" என்றார் வீட்டுக்காரர். வண்டி திரும்பியது. அன்று முழுக்க அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் கிள்ளானிலிருந்து வந்த லோரிக்காரர் கொடி உச்சிக்கு ஏறிவிட்டது என்றார். வீட்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வண்டி கொண்டுவந்தார். அதற்குள் பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. உதட்டில் தண்ணீர் வைத்தால் வழிந்தது.

பெண்கள் வார்டு என்பதால் அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"ஏன் பிள்ளை, நேற்றே கொண்டுவந்திருக்கலாமே?"

கொடியைச் சொன்னேன். அவர்தான் விளக்கிச் சொன்னார். ராஜா செத்தால் கொடியைப் பாதிக்கு இறக்குவார்களாம். புது ராஜாவை அறிவிக்கிற அன்றைக்கு மட்டும் மேலே ஏற்றிவிட்டு, துக்கம் முடியும்வரை மறுபடி இறக்கிவிடுவார்களாம்.

"ஆஸ்பத்திரிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நேற்று முழுக்க நாங்கள் இஞ்சதான் இருந்தனாங்கள்."

வெளியே போய் அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிள்ளை என் விரலைப் பிடித்திருந்ததால் எழவில்லை. விடியும் முன் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

காலையில் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். ஆஸ்பத்திரிக் கொடி மறுபடி பாதியில் நின்றது. அவர் அதைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார். அழவில்லை. இப்படித்தான் கேட்டார்.

"அன்னைக்கு வந்திருந்தாலும் பூட்டித்தானே இருந்திருக்கும்? உள்ள கேட்டியா?"

என் வாய்க்குத் தோட்டத்துக் கங்காணியே பயப்படுவார். அந்த வாயில் என்னென்னவோ வந்து முட்டியது.

"கேட்டேன். பூட்டித்தான் இருந்துச்சாம்" என்றேன்.

பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வண்டியை நோக்கி முன்னால் நடந்தேன்.