பஞ்சம்மாளுக்கு ஊம் கொட்டியவர்கள்

இரண்டாயிரத்து ஒன்பதில் ராமநாதபுரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தோம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. வகுப்பறையில் பிள்ளைகள் எழுத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எதையும் தனியாகச் செய்வதற்கு முன்னால் பிள்ளை அதை இன்னொருவரோடு சேர்ந்துதான் செய்கிறது என்றார். படிப்பு முதலில் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது, பிறகுதான் ஒருவருக்குள் போகிறது என்றார். பெரிய ஆராய்ச்சி எல்லாம் செய்து கண்டுபிடித்ததாம். எனக்குக் கண் சொக்கியது. அந்த அரைத் தூக்கத்தில் எங்கிருந்தோ மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. பஞ்சம்மா அயித்தை வந்து என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் பலமாகத் தும்மினேன். பேசிக்கொண்டிருந்தவர் முறைத்தார்.

தூங்கினவள் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் உண்டென்றால், அது தூக்கத்தில் சொல்லிக்கொடுத்ததுதான்.

பஞ்சம்மாள் எங்கள் ஊர்க்காரி. முதுகுளத்தூரில் பஸ் ஏறி, இறங்கி, கருவேலங்காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர். எழுபத்து நாலாம் வருஷம் வானம் பொய்த்துக் கிடந்தபோது அவள் புருஷன் மூக்கையா கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனான். கல்யாணமாகித் தலைப்பொங்கல்கூட வரவில்லை. பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவள் எடுத்த குரலைக் கேட்டு, பாடை கட்ட வந்த ஆட்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று அம்மா சொல்லுவாள். அன்றைக்கு ஊருக்கு ஓர் ஒப்பாரிக்காரி கிடைத்தாள். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவளுக்கு ஆள் வரும். வளைகாப்புக்கும் சடங்குக்கும் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் தனியாகப் பாட மாட்டார்கள். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டினாலும் சரி, வயலில் நாற்று நட்டாலும் சரி, ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். ஒற்றைக் குரல் கேட்டால் அது எழவு வீடு. அந்த ஒற்றைக் குரல் பஞ்சம்மாளுடையது. கூட்டத்தோடு வாங்கிப் பாடலாமே என்றால், அவள் வந்து நின்றதுமே கும்மி அடங்கிப்போகும். பாவம், அவளும் பிறகு வருவதை விட்டுவிட்டாள்.

தொண்ணூற்று மூன்றில் ஊரில் எழுத்தறிவு வகுப்பு தொடங்கினார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மாப்பிள்ளை வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். என்னையே டீச்சர் ஆக்கிவிட்டார்கள். மிளகாய் பழமெடுத்துவிட்டு வரும் பெண்களுக்கு மத்தியானம்தான் நேரம். சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் வகுப்பு. எதிரே களத்தில் மிளகாய் காயும். அதற்கு அப்பால் வறண்ட கண்மாயில் கானல் ஓடும், அதற்குள் ஆடுகள் நீந்திப் போகும். அந்த வெயிலில் எழுத்துகள்கூட லேசாக மிதக்கும். யாராவது தும்முவார்கள், உடனே எல்லோரும் தும்முவார்கள், அதற்குப் பிறகு பாடம் எங்கே விட்டோம் என்று எனக்கே தெரியாது.

முதல் நாளே பஞ்சம்மா அயித்தை வந்து ஓரமாக உட்கார்ந்தாள்.

"எதுக்கு அயித்த படிக்க வந்தீக?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்ட கேள்விதான்.

"எம் பேச்சு நாலு பேருக்கு நடுவுல ஒரு நல்லதுக்குக் கேக்கணும் ஆத்தா. செத்தவுகளுக்கே பாடிப் பாடி எந் தொண்டை தேஞ்சு போச்சு" என்றாள்.

எல்லோரையும்விட அவள்தான் சீக்கிரம் எழுத்துக் கூட்டினாள். நான் சொல்ல, எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவள் குரல் கூட்டத்தோடு நன்றாகக் கலந்து வரும். ஒருநாள் ஒவ்வொருத்தராக வாசிக்கச் சொன்னேன். அவள் முறை வந்தது. பாடம் கண்மாயைப் பற்றியது. 'கண்மாயில் தண்ணீர் வந்தது. வயலில் நெல் விளைந்தது.' இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? அவள் 'கண்மாயில்' என்று இழுத்த இழுப்பில் தாழ்வாரமே எழவு வீடாகிவிட்டது. பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்கள்.

"ஏ பஞ்சம்மா, நிறுத்துடி! எழவுப் பாட்டுப் பாடாத. எம் மகன் துபாய்ல இருக்கான்" என்று சோலையம்மாள் கத்தினாள். சோலையம்மாள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"நான் என்னடி செய்ய? ஒத்தையில வாயத் தொறந்தா அது அங்கனதான் போகுது" என்றாள் பஞ்சம்மா அயித்தை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவளைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. சோலையம்மாள் மேல் வந்த கோபத்தை எழுதினால் நன்றாக இருக்காது.

மறுநாளிலிருந்து மற்றவர்கள் போன பிறகு அவளை மட்டும் வாசிக்க வைத்தேன். இராகம் போடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், வேகமாக வாசிக்கச் சொன்னேன், நானே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்படி ஒரு மத்தியானம், அவள் வாசிக்க வாசிக்கச் சுவரில் சாய்ந்து நான் தூங்கிப்போனேன். முழுத் தூக்கம் இல்லை. களத்துச் சிவப்பு கண்ணுக்குள் பரவிக்கொண்டே இருந்தது. யாரோ எனக்குக் கதை சொன்னார்கள். ஒரு கண்மாயில் தண்ணீர் வந்ததாம். ஊம். வயலில் நெல் விளைந்ததாம். ஊம். அப்புறம் ஊரே கூடி அறுத்ததாம். ஊம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே பஞ்சம்மா அயித்தை விரலை வரியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். இராகம் இல்லை, இழுப்பு இல்லை. நான்தான் தூக்கத்தில் ஊம் கொட்டியிருக்கிறேன்.

"என்ன அயித்த, எப்படி?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீ ஊம்ங்குறே, நான் அடுத்ததச் சொல்லுறேன். எழவுல யாரு ஊம் கொட்டுவா? நிறுத்த ஆளு இல்லாமத்தான அது அம்புட்டுத் தூரம் போகுது" என்றாள். அவளுக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசித்து, மறுபடி மறுபடி ஊம் கொட்டினோம்.

பிறகு தேர்வு வைக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் பேசுகிறவர். ஒவ்வொருத்தரும் அவர் முன்னால் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

"சார், நான் ஊம் மட்டும் கொட்டிக்கிறேன்" என்றேன்.

"அதெல்லாம் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஆயிடும்மா" என்று சொல்லிவிட்டார்.

பஞ்சம்மா அயித்தை என்னைப் பார்த்தாள். முதல் வரியை எடுத்தாள். அது நேரே அங்கேதான் போயிற்று. சோலையம்மாள் விசும்பத் தொடங்கினாள். தேர்வு வைக்க வந்தவர் ஒன்றும் புரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஞ்சம்மா அயித்தை புத்தகத்தை மூடி அவர் முன்னால் வைத்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் கண்மாய்க் கரைப் பக்கமாக நடந்து போனாள். அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவே இல்லை. சாவு வீடுகளுக்கு மட்டும் போனாள்.

தொண்ணூற்றைந்தில், யுவ வருஷம் கார்த்திகையில் எனக்குப் பரிசம் போட்டார்கள். பரமக்குடிப் பக்கத்து மாப்பிள்ளை. பரிசத்தன்று முகூர்த்தப் பத்திரிகையை எழுதி, மஞ்சள் தடவி, இரண்டு வீட்டார் முன்னாலும் ஒருவர் எழுந்து வாசிக்க வேண்டும். எப்போதும் ஊர்ப் பெரியவர் யாராவது வாசிப்பார். பஞ்சம்மா அயித்தைதான் வாசிக்க வேண்டும் என்றேன்.

என்னைப் பெற்ற அய்யாவுக்கு வந்ததே கோபம். "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? தாலி அறுத்தவ. அவ வாயத் தொறந்தா என்ன வரும்னு தெரியாதா? மாப்ள வீட்டுக்காரக முன்னாடி என் வீட்ட எழவு வீடாக்கப் பாக்குறியா?"

"அவுக வாசிக்கலேன்னா நான் சபைக்கு வர மாட்டேன் அய்யா" என்றேன். என் பிடிவாதம் அவருக்குத் தெரியும். அவரிடமிருந்து வந்ததுதானே.

பஞ்சம்மா அயித்தையைச் சம்மதிக்க வைக்க அதைவிடப் பாடுபட்டேன். "வேணாம் ஆத்தா, ஒன் வாழ்க்கையில வந்து விளையாடாத" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியில் வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். அம்மாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. அந்த வருஷம் கண்மாய் நிறைந்திருந்தது.

அவள் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் எங்கள் ஊர்க்காரர்கள் மூச்சைப் பிடித்தார்கள். நான் பெண்களுக்கு நடுவே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பரிசத்துப் பெண் வாயைத் திறக்கக் கூடாது. ஊம் கொட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தவள் நான் ஒருத்திதான். இது என் மரமண்டையில் அப்போதுதான் உறைத்தது.

"நிகழும் மங்களகரமான..." என்று தொடங்கினாள். 'மங்களகரமான' மெல்ல நீண்டது. அய்யா கண்ணை மூடிக்கொண்டார். அந்த நீட்டத்தின் நுனியில் எனக்குத் தெரிந்த அந்த இராகம் வந்து காத்துக்கொண்டு நின்றது.

"ஊம்" என்றது ஒரு குரல். சோலையம்மாள்.

பஞ்சம்மா அயித்தை நிறுத்தினாள். நிமிர்ந்து சோலையம்மாளைப் பார்த்தாள்.

"ஊம், மேல சொல்லு" என்றாள் சோலையம்மாள். தேர்வன்று ஊம் கொட்ட விடுங்கள் என்று நான் கேட்டது அவளுக்கும் மறக்கவில்லை.

"யுவ வருஷம், தை மாதம்..."

"ஊம்" என்றார்கள் வகுப்பில் படித்த பெண்கள் எல்லோரும். விஷயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டாரும், இது இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்து, அடுத்த வரிக்கு ஊம் கொட்டினார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. மாப்பிள்ளை பேர் வந்தது. ஊம். என் பேர் வந்தது. ஊம். அது நான்தானா, யாரோ கதையில் வருகிற பெண்ணா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் முடித்தபோது குலவைச் சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அவளுக்கு வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தார். "நல்லா வாசிச்சீக தாயி. இந்தப் பிள்ளைக்கு எங்க வீட்ல வளைகாப்பு வச்சா நீங்கதான் முன்னாடி வரணும்" என்றார்.

பஞ்சம்மா அயித்தை வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அழுதவள் அவள். அன்றைக்குத்தான் அவள் சத்தமில்லாமல் அழுததைப் பார்த்தேன்.