திலாவ் துறையிலிருந்து நான்காவது வரி

நான் கம்ப்யூட்டர் ஆள். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது. இருட்டில் இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயிலில், மதியம் சாப்பிட்டது செரிக்காத நேரத்தில் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை. என் பெயர் வில்மர், ஊர் செபு. சந்தேகப்படுகிறவர்கள் சந்தேகப்படலாம். நானும் கொஞ்ச நாள் பட்டுப் பார்த்தேன்.

சூரிகாவில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம். சுற்றியிருக்கும் தீவுகளில் அதற்கு மீன் இறங்கும் துறைகள் உண்டு. எந்தப் படகு வந்தது, என்ன மீன், எவ்வளவு என்று ஒவ்வொரு துறையிலும் ஒரு கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். ஒரு துறை கிலோவில் எழுதும், இன்னொன்று கூடைக் கணக்கில் எழுதும். எல்லாவற்றையும் இழுத்து, ஒரே மாதிரி ஆக்கி, தலைமை அலுவலகத்தின் மேசைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பது எங்கள் சாஃப்ட்வேரின் வேலை. பழைய பதிப்பைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அதன்மேல் பேட்ச் போட வேண்டும். பேட்ச் என்றால் குறைகளை அடைக்கும் ஒட்டு, அவ்வளவுதான்.

சங்க மேலாளர் நோங் தாசியோ வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். நோங் என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

“திலாவ் துறை போன டிசம்பர் புயல்ல கடலோட போச்சு. கட்டடமும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. ஆனா அங்க இருந்து தினம் கணக்கு வருது. உங்க சாஃப்ட்வேர் என்ன, முங்கிப் போய் எடுத்துட்டு வருதா?”

“பழைய பதிவு எங்கயாவது தேங்கி நிக்கும், நோங். அதையே திரும்பத் திரும்ப அனுப்பும்.”

“என்னவோ போ. அந்தத் தொடர்பை அறுத்து விட்டுடு.”

சொல்லிவிட்டு அவர் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். அலுவலகத்தில் நானும் மனாங் தியோபியும் மட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் அவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனாங் என்றால் அக்கா; அவருக்கு நான் டோங், தம்பி. ஒரு தட்டில் பூத்தோ வைத்து என் பக்கம் தள்ளினார்.

“முதல்ல சாப்பிடு, டோங். செபுக்காரங்க எல்லாம் காத்தைக் குடிச்சே வேலை பார்ப்பீங்களா?”

இட்லி மாதிரி ஆவியில் வெந்த அந்த அரிசிப் பூத்தோ வாயில் கரைந்தது. சாப்பிட்டுக்கொண்டே பழைய பதிப்பைக் கழற்ற ஆரம்பித்தேன். மனாங் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நகரவில்லை.

“திலாவை அறுக்காம பண்ண முடியாதா?”

“ஏன், மனாங்?”

“அங்க என் மக இருந்தா.”

மகள் பெயர் மரிவிக். இருபத்து மூன்று வயது. திலாவ் துறையில் கணக்கு எழுதியவள். அந்தத் தீவில் கைபேசிக்கு சிக்னல் வராது. கம்ப்யூட்டருக்கு மட்டும் கம்பத்தில் ஒரு ஆன்டெனா. அதனால் மீன் கணக்கின் ஓரத்தில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில் அம்மாவுக்கு ஏதாவது எழுதுவாளாம். ஐஸ் பத்தலை என்று எழுத வேண்டிய இடத்தில், ‘தலைவலி போச்சாம்மா?’ என்று எழுதுவாளாம். அதைச் சொல்லும்போது மனாங் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“உடம்பு கூடக் கிடைக்கல. தப்பிச்சவங்கள கப்பல் நேரா லேய்ட்டே தீவுக்குக் கொண்டு போயிடுச்சு. என்ன ஆச்சுன்னு கேக்க ஒரு ஆள் இல்ல எனக்கு. ஆனா தினம் மூணு மணிக்கு மூணு வரி வருது, டோங். ரெண்டு வரி படகுக் கணக்கு. மூணாவதுல ‘சாப்பிட்டியாம்மா?’ன்னு இருக்கும். அதோட சரி. நாலாவது வரி வந்ததே இல்ல. நானும் பதில் தட்டித் தட்டிப் பார்த்தேன். போகல.”

“போகாது, மனாங். இது ஒரு வழிப் பாதை. அங்க இருந்து வரும், இங்க இருந்து போகாது. புதுசுலதான் பேட்ச் போட்டா ரெண்டு பக்கமும் போகும்.”

வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது.

“அப்ப போடு,” என்றார்.

பழையது முழுவதும் போனது. அதன் மிச்சம் ஒன்றும் இல்லாமல் நானே துடைத்தேன். புதியதை ஏற்றி, உயிரோடு இருக்கும் நான்கு துறைகளின் பெயர்களை மட்டும் என் கையால் தட்டினேன். திலாவைத் தட்டவில்லை. பேட்ச் ஏறியது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது.

திரையில் ஐந்து துறைகள் இருந்தன.

ஐந்தாவது, திலாவ். பக்கத்தில் பச்சை விளக்கு. ‘இணைப்பில் உள்ளது.’

நான் எழுதாத பெயர் எப்படி வந்தது? நான் தட்டிய பட்டியலைத் திறந்தேன். நான்குதான் இருந்தது. மூடினேன். திரையில் ஐந்து.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி.

டிங்... ஒரு வரி விழுந்தது. படகின் பெயர், சூரை மீன், எட்டுக் கூடை.

டிங்... இரண்டாவது.

டிங்... ‘சாப்பிட்டியாம்மா?’

மனாங் என் தோளைப் பிடித்தார். நான் தேதியைப் பார்த்தேன். போன டிசம்பர், புயல் நாள். எனக்கு மூச்சு வந்தது.

“பழைய பதிவுதான், மனாங். தேதியைப் பாருங்க. வேற எங்கயோ தேங்கி இருக்கு.”

காட்டிவிடலாம் என்று குனிந்து, நெட் கேபிளை உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன். மற்ற நான்கு விளக்குகளும் சிவப்பாயின.

திலாவ் மட்டும் பச்சை.

அப்போதுதான் அந்தச் சத்தம். மேசை மேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில்... உஸ்ஸ்ஸ் என்று... மழை மாதிரி. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“இந்தச் சத்தம் இதுவரைக்கும் வந்ததில்ல,” என்றார் மனாங்.

டிங்...

நான்காவது வரி.

தேதி அதேதான். நேரம் மட்டும், முந்தைய வரிக்கு நான்கு நிமிஷம் தள்ளி. அந்தப் பக்கம் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

‘காத்து பயமா இருக்கும்மா. இங்கயே உட்காரவா?’

மனாங் என்னை விலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தினமும் பத்து விரலால் தட்டுகிறவர், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். உதடு ஒவ்வொரு சொல்லையும் சொல்லிப் பார்த்தது.

‘கம்ப்யூட்டரை விடு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மலைக்கு ஓடு. அம்மா சொல்றேன். ஓடு.’

அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

‘சென்று சேர்ந்தது.’

கேபிள் என் கையில் இருந்தது.

காத்திருந்தோம்.

ஸ்பீக்கரில் சத்தம் ஏறியது. இப்போது மழை இல்லை... காற்று. நடுவில் தகரம் பிய்வது போல ஒன்று...

காற்று...

தண்ணீர்...

டிங்.

‘சரிம்மா. எல்லாரையும் ஏத்தி விட்டுட்டேன். பயப்படாத.’

சத்தம் பட்டென்று அறுந்தது.

திலாவ் சிவப்பு.

பிறகு அந்தப் பெயரே திரையில் இல்லை. வந்த வரிகளும் இல்லை. நான்கு துறைகள் மட்டும்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனாங் திரையைப் பார்த்தபடி அழுதார், சிரித்தார். “ஏறிட்டா, டோங். கேட்டியா, ஏறிட்டா.” கொஞ்ச நேரம் கழித்து அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரோ வரப் போகிறார்கள் என்பது போலப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. வெயில் மட்டும் படியில் கிடந்தது. அந்தப் பார்வையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நோங் தாசியோ கணக்குச் சரியாகிவிட்டது என்று என்னைப் பாராட்டினார்.

ஐந்து மாதம் கழித்துத் திலாவில் புதுத் துறை கட்டினார்கள். கம்ப்யூட்டர் வைக்க நான்தான் போனேன். லேய்ட்டேவிலிருந்து சில குடும்பங்கள் அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தன. உர்பானா என்று ஒரு மீன்காரம்மா, நான் கேபிள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்.

“அன்னைக்கு நீங்க எப்படித் தப்பிச்சீங்க?”

“அந்தக் கணக்குப் பொண்ணாலதான். மரிவிக். நாங்க எல்லாம் இங்க இருந்த பழைய கட்டடத்துக்குள்ளதான் பதுங்கி இருந்தோம், கான்கிரீட்டுதானேன்னு. திடீர்னு எழுந்து, மலைக்கு ஓடுங்க, அம்மா சொல்லிட்டாங்கன்னு கத்துறா. அம்மா சூரிகாவுல இருக்காங்க, இவளுக்கு எப்படிச் சொன்னாங்கன்னு கேட்டா, கம்ப்யூட்டரைக் காட்டுறா. புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சோம். ஆனா விடலையே. கெழவங்களைக் கூட முதுகுல தூக்கி ஏத்தினா.”

கேபிள் இழுப்பதை நிறுத்தினேன். புயல் நாளன்று எங்கள் சாஃப்ட்வேரில் பதில் அனுப்பும் வழியே கிடையாது. அந்தப் பேட்ச் அப்போது எழுதப்படவே இல்லை.

“அவ ஏறலையா?”

உர்பானா கருவாட்டைத் திருப்பிப் போட்டார்.

“பாதி மலை ஏறிட்டா. அப்புறம் நின்னா. பதில் போடலைன்னா அம்மா பயந்துக்கிட்டே இருப்பாங்க, ஒரு வரி தட்டிட்டு ஓடி வந்துடறேன்னு சொல்லிட்டுக் கீழ இறங்கினா. கையைப் பிடிச்சேன். உதறிட்டுப் போயிட்டா. அவ உள்ள போனதும் தண்ணி வந்துச்சு.”

திரும்பும் வழியில் சூரிகாவில் இறங்கினேன். இறங்காமல் நேராக செபுவுக்கே போயிருக்கலாம். ஆனால் நான் தீவுக்குப் போனது மனாங்குக்குத் தெரியும். வாசலிலேயே நின்றிருந்தார்.

“யாரையாவது பார்த்தியா? ஏதாவது சொன்னாங்களா?”

“பார்த்தேன், மனாங். எல்லாரையும் காப்பாத்தினது உங்க மகதானாம். அம்மா சொன்னாங்கன்னு சொல்லி மலைக்கு விரட்டினாளாம்.”

“அவ?”

“அவளும் ஏறினாளாம். மலையில பார்த்தேன்னு சொல்றாங்க.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு சொன்னேன், எதை விட்டேன் என்று எடைபோடுவது போல இருந்தது.

“சரி, டோங்,” என்றார்.