செல்லையா தோழர் சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு மனிதர் சொன்ன உண்மையை நான் பொய்யாக மாற்றினேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றினேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸ் தலைநகர் பேர்ணில் காலையில் உணவகமொன்றில் கோப்பை கழுவுவேன். பிற்பகலில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பேன். ஒருநாள் அந்த அறைக்குள் செல்லையா தோழர் வந்தார். எங்கள் கிராமசபையின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். மொஸ்கோவும் வேண்டாம், பீக்கிங்கும் வேண்டாம் என்று தனித்து நின்று வென்ற கம்யூனிஸ்ட். ஊரின் முதல் தண்ணீர்க் குழாயை, கோயில் கிணற்றில் அள்ள விடப்படாதவர்களின் தெருவில் போடவைத்தவர். அவருடைய கூட்டங்களுக்குப் பாய் விரித்தவன் நான்! அவரைத் தெரியும் என்று அதிகாரியிடம் நான் சொல்லவில்லை.

அரசியலில் இருந்தீரா என்று அதிகாரி கேட்டார்.

"ஓம், நான் கம்யூனிஸ்ட். அதாலதான் ஆமியும் தேடுது, இயக்கப் பெடியளும் தேடுறாங்கள். அப்பிடியே சொல்லு தம்பி."

நான் ஜேர்மனில் சொன்னேன்: இவர் விவசாயி, எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை, சண்டைக்குப் பயந்து வந்தவர்.

ஏன் செய்தேன்? கம்யூனிஸ்ட் என்றால் இந்த நாடு திருப்பி அனுப்பிவிடும் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவியது. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்... இல்லை, அது பாதிதான். என் சொந்த அகதி விண்ணப்பத்திலும் கட்சியில் இருந்ததை மறைத்திருந்தேன். அவர் பேசப்பேச என் பெயரும் வந்துவிடுமோ என்று நடுங்கினேன். இதில் எது முந்தியது? எனக்கே தெரியவில்லை.

அதிகாரி எழுதியதை முடிவில் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். தாளைப் பார்த்தபடி, அதில் இல்லாததை, அவர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "சரியா எழுதியிருக்கினம்" என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்தார்.

நிராகரிப்புக் கடிதத்தையும் என்னிடமே கொண்டுவந்தார். அரசியலில் ஈடுபடாதவர், ஆகவே ஆபத்தில்லை என்று இருந்தது. ஐயோ... அவர் சொன்னதைச் சொல்லியிருந்தால்!

"மறுத்திட்டினம் அண்ணை."

"நான் கம்யூனிஸ்ட் எண்டதாலயோ?"

"ஓம்."

"அப்ப பரவாயில்லை. அதை மறைச்சுப்போட்டு இஞ்ச இருக்கிறதிலும் பாக்க, திரும்பிப் போறது நல்லம்."

மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. அந்த முப்பது நாளும் அவர் ஏறும் டிராமைக்கூடத் தவிர்த்தேன். அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். சில மாதங்களில், அவருடைய வீட்டு வாசலில் வைத்தே சுட்டுவிட்டார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்து நகரமான சோலோதுர்னில் எங்கள் ஆட்கள் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். விசாரணையில் கூட இருந்தவன் என்று என்னைப் பேச அழைத்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். "தான் யார் என்பதை மறைக்க மறுத்ததால்தான் இந்த நாடு அவரை ஏற்கவில்லை" என்று பேசினேன். குரல்கூடத் தடுமாறவில்லை.

இறங்கி வந்ததும், கைக்குழந்தையோடு நின்ற அவருடைய மருமகள் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். "அவர் சொன்னதை அப்பிடியே சொல்ல நீங்களாவது பக்கத்தில இருந்தீங்களே" என்றாள்.

ஓம் என்றேன்.