கைநடுக்கமும் ஈரப் பஞ்சும்

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நர்ஸை எல்லோரும் கொசுக்கடி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஊசி குத்தினால் அவ்வளவுதான் தெரியும். நரம்பே தட்டுப்படாத ஆட்களையும் அவளிடம் தள்ளிவிடுவார்கள்.

ஐம்பதைத் தாண்டியதும் வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் டம்ளர் பிடிக்கும்போது. பிறகு ஊசி பிடிக்கும்போதும். ஒரு காலையில் ஒரு பெரியவர் கையை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடியிருந்தார். அவருடைய கைக்கு மேலே ஊசிமுனை ஆடியது. அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு நேரே தலைமை நர்ஸிடம் போனாள்.

"இனிமே என்னை ஊசி போட விடாதீங்க."

ரத்தக் குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றல்தான் மிச்சம். கடைசியில் நரம்பு டாக்டர் தன்னுடைய ஆய்வுக்கு வரச் சொன்னார்.

"மூளையில செல்லெல்லாம் ஒண்ணுசேர்ந்து ஒரு தாளத்துல துடிக்குதும்மா. அதுதான் கையில நடுக்கமா வருது. ஆடுற ஊஞ்சலை எதிர்ப்பக்கம் தள்ளினா வேகம் குறையுமில்ல? அது மாதிரி அந்தத் தாளத்துக்கு எதிரா லேசா கரண்ட் விட்டுப் பார்க்கப்போறோம். ஆபரேஷன் எதுவும் கிடையாது."

"கரண்டா?" என்றார் கூட வந்த அவள் கணவர். "இவ பேசினாலே வீட்ல ஷாக் அடிக்கும் டாக்டர்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அவள்.

உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்துக் கட்டினார்கள். தோல் நமநமவென்று அரித்தது. விரலில் மாட்டிய சிறு கருவி நடுக்கத்தை அளந்தது. கொஞ்ச நேரத்தில் டம்ளரைத் தூக்கிச் சிந்தாமல் குடித்தாள். கரண்டை நிறுத்தியதும் நடுக்கம் மெல்லத் திரும்பிவிட்டது.

அடுத்த முறை போனபோது, "இன்னைக்குச் சுத்தமா நின்னுபோச்சு!" என்றாள்.

ஆய்வெல்லாம் முடிந்த பிறகு டாக்டர் விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டாவது தடவை அரிக்கிற வரைக்கும்தான் கரண்ட் விட்டோம். அப்புறம் நிறுத்திட்டோம். கரண்ட் வேலை செய்யுதா, நம்பிக்கை வேலை செய்யுதான்னு பிரிச்சுப் பார்க்கணும். ஒருநாள் அப்படிச் செய்வோம்னு முன்னாடியே சொல்லியிருந்தோமே."

"அப்ப கை?"

"ஆடிட்டுதான் இருந்துச்சு. விரல்ல மாட்டின கருவி காட்டுச்சு."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. "நான் பொய் சொல்லலீங்க."

"இல்லம்மா, உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு. முதல் தடவை நிஜமாவே குறைஞ்சுது. எல்லாருக்கும் அப்படிக் குறையல."

பஸ்ஸில் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் கிண்டல் செய்யவில்லை.

ஊசி அவள் கைக்குத் திரும்பி வரவே இல்லை. ஆனாலும் அடுத்த ஆய்வுக்குக் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தாள். பஞ்சைக் கட்டிவிட்டு டாக்டர், "எப்படியிருக்கு?" என்றார்.

"என்னைக் கேக்காதீங்க. விரல்ல மாட்டியிருக்கீங்களே, அதைக் கேளுங்க."